சகடை எந்த விமானம்? யாழ்ப்பாணம் வைத்த பெயர்களும் வானில் பறந்த வகைகளும்

பனங்கூடல் எழுதியது:

எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் யாழ்ப்பாணக் குடாநாட்டின் மேலாகப் பறந்த போர் விமானங்களுக்கும் உலங்குவானூர்திகளுக்கும் எங்கள் சனங்கள் வழங்கிய பெயர்களைத் தொகுத்து, ஒவ்வொரு பெயரும் உண்மையில் எந்த வகையைக் குறித்தது என்ற விபரத்துடன் ஒரு பட்டியலாக எழுதி வருகிறேன். நான் 1988 இல் பிறந்தவன். ஆகவே இப்பெயர்களில் பலவற்றை அம்மாவிடமும் அப்பாவிடமும் கேட்டே அறிந்தேன். அவர்களுடைய தலைமுறையின் காதில் இருக்கும் இந்த அறிவு எழுதப்படாமல் போய்விடக்கூடாது என்ற கவலையே என்னை இதில் இறக்கியது.

பெரும்பகுதி சிக்கலில்லாமல் முடிந்துவிட்டது. 'சியாமா செட்டி' என்பது இத்தாலியத் தயாரிப்பான சியாய் மார்க்கெட்டி எஸ்.எவ். 260 தான், அந்நியப் பெயர் வாய்க்கு வாய் மாறிக் கடைசியில் ஒரு செட்டியாரின் பெயர் போலவே ஆகிவிட்டது. புக்காராவும் கிபிரும் தங்கள் சொந்தப் பெயரோடேயே வந்தன. 'வண்டு' என்பது ஆளில்லாத வேவு விமானம். அந்தப் பெயருக்கு விளக்கமே தேவையில்லை. நான் தடுக்கி நிற்கும் இடம் 'சகடை'. அப்பா அதை இரண்டு இயந்திரங்கள் கொண்ட அவ்ரோ என்கிறார். சித்தப்பா, நான்கு இயந்திரங்கள் கொண்ட வை-8 என்று உறுதியாகச் சொல்லுகிறார். இருவரும் ஒரே வீட்டில், ஒரே பங்கருக்குள் (பதுங்குகுழிக்குள்) இருந்தவர்கள். கண்ணால் கண்டவர்கள் இருந்தால் தயவுசெய்து எழுதுங்கள்.

குப்பிளான் வாசி எழுதியது:

தம்பி, சகடை என்றால் வை-12. இதில் எனக்கு எந்த ஐயமும் இல்லை.

எங்கள் வெங்காயத் தறை பலாலி ஓடுபாதைக்குத் தென்மேற்கே இருந்தது. ஏறும் விமானமும் இறங்கும் விமானமும் தலைக்கு மேலாகப் போகும். 1990 யூனில் நாங்கள் இடம்பெயரும் வரைக்கும் அவற்றைத் தினமும் பார்த்தேன். சீனாவின் ஹார்பின் தொழிற்சாலையில் செய்யப்பட்ட வை-12 இன் இறக்கை உடலுக்கு மேலே இருக்கும். அதன் சில்லுகள் ஒருபோதும் உள்ளே மடியாது. பறக்கும்போதும் மூன்று சில்லும் கீழே தொங்கிக்கொண்டிருக்கும். அவ்ரோ அப்படியல்ல: அதன் இறக்கை தாழ்ந்தது, கிளம்பிய சிறிது நேரத்திலேயே சில்லுகள் இயந்திரக் கூட்டுக்குள் போய்விடும். வை-8 இன் சில்லுகளும் மடிந்து வயிற்றுப் பக்கம் அடங்கிவிடும்.

சகடம் என்றால் சில்லு வைத்த வண்டி என்பது எல்லோருக்கும் தெரியும். கோயிலில் சுவாமி வாகனத்தை ஏற்றி இழுக்கும் சில்லுப் பலகையையும் எங்கள் ஊரில் சகடை என்றே சொல்லுவோம். சில்லைத் தொங்கவிட்டுக்கொண்டு மெதுவாக ஊர்ந்து போகும் ஒரு விமானத்தைப் பார்த்தவன் வேறு என்ன பெயர் வைப்பான்?

மாலைமணி எழுதியது:

குப்பிளான் ஐயாவின் விளக்கம் அழகானது. ஆனாலும் பெயர் வந்த வழி அதுவல்ல என்றே நினைக்கிறேன். நகரப் பக்கத்தில் நாங்கள் இந்த விமானத்தைப் பார்த்தது மிகக் குறைவு, கேட்டதுதான் அதிகம். கேட்டவுடன் ஓடிப் பங்கருக்குள் இறங்கிய சனங்கள் அதன் சில்லை எப்போது நின்று பார்த்தார்கள்?

1990 இல் யூன் முதல் செப்ரெம்பர் வரை யாழ்ப்பாணக் கோட்டை முற்றுகை நடந்த மாதங்களில் நான் ஒரு பாடசாலையில் நான்காம் வகுப்புக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். வகுப்பு நடந்த நாள்களைக் கைவிரலில் எண்ணலாம். எனக்குக் கேட்பதற்கு முன்பே பிள்ளைகளுக்குக் கேட்டுவிடும். தலையை ஒருபக்கம் சாய்த்து ஒருவன் 'ஹெலி' என்பான், இன்னொருவன் 'சியாமா செட்டி' என்பான், சகடை வரும்போது மட்டும் எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்துவிடுவார்கள். அதன் ஓசை ஒரே சீராக இராது. பாரம் ஏற்றிய மாட்டுவண்டி கல்லு றோட்டில் இழுபட்டுப் போவது போல, எழும்பி, தணிந்து, மறுபடி எழும்பி, விம்மி விம்மி வரும். அந்த இழுவைக்குத்தான் சகடை என்று பெயர் வந்தது என்பதே என் கருத்து.

சுழலி எழுதியது:

ரீச்சர் சொன்ன 'விம்மி விம்மி' என்ற சொல்லை வாசித்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. இயந்திரப் பொறியியல் படித்தவன் என்ற முறையில் அதன் காரணத்தை எழுத விரும்புகிறேன், ஏனென்றால் இந்தச் சிக்கலின் முடிச்சு அங்கேதான் அவிழ்கிறது.

ஒன்றுக்கு மேற்பட்ட காற்றாடிகள் உள்ள விமானத்தில் அவை எல்லாம் அச்சொட்டாக ஒரே வேகத்தில் சுழன்றால் ஓசை சீராக இருக்கும். நடைமுறையில் ஒன்று மற்றதைவிடச் சிறிது கூடக்குறையச் சுழலும். அப்போது இரண்டு ஓசைகளும் ஒரு கணம் கூடி வலுக்கும், மறுகணம் ஒன்றையொன்று தணிக்கும். இசைக் கருவிகளுக்குச் சுருதி கூட்டும்போது இரண்டு தந்திகள் ஏறக்குறையச் சேர்ந்து நிற்கையில் கேட்கும் அதே அலைவுதான் இது. நான்கு இதழ் கொண்ட இரண்டு காற்றாடிகளுக்கு இடையில் நிமிடத்துக்கு 10 சுற்று வித்தியாசம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், ஓசை நிமிடத்துக்கு 40 தடவை எழுந்து தணியும். அதாவது ஒன்றரைச் செக்கனுக்கு ஒரு விம்மல். மாட்டுவண்டி இழுபடும் தாளத்துக்கு இது மிகவும் கிட்டியது.

இப்போது மூன்று விமானங்களையும் எடுத்துக்கொள்ளுங்கள். அவ்ரோ 748 இல் இரண்டு றோல்ஸ் றோய்ஸ் டார்ட் இயந்திரங்கள் இருந்தன; காற்றை அமுக்கும் அதன் மையவிலக்குச் சக்கரங்களின் கூரிய சீழ்க்கை உலகப் புகழ் பெற்றது. வை-12 இல் கனடாவின் பிராற் அன்ட் விற்னி தயாரித்த இரண்டு பி.ரி.6 இயந்திரங்கள், மூன்று இதழ்க் காற்றாடிகளோடு. வை-8 சோவியத் அன்ரனோவ் 12 இன் சீன வடிவம். அதன் நான்கு இயந்திரங்களும் சோவியத் ஏ.ஐ.-20 ஐப் பின்பற்றிச் சீனாவில் செய்யப்பட்ட டபிள்யூ.ஜே.-6 வகையைச் சேர்ந்தவை. மூன்றுமே டர்போபுரொப், அதாவது சுழலி இயந்திரத்தால் காற்றாடியைச் சுற்றும் வகை. மூன்றிலும் ஒன்றுக்கு மேற்பட்ட காற்றாடிகள். ஆகவே மூன்றுமே விம்மும்.

எஸ்.எவ். 260 மட்டும் ஒற்றை இயந்திர விமானம். அதற்கு விம்மல் கிடையாது. ரீச்சரின் வகுப்புப் பிள்ளைகள் இரண்டையும் பிரித்தறிந்தது வெறும் அச்சத்தால் அல்ல, தேர்ந்த காதால்.

பனங்கூடல் எழுதியது:

அப்படியானால் அப்பாவும் சித்தப்பாவும் இருவருமே சரி என்றா சொல்லுகிறீர்கள், அண்ணா?

சுழலி எழுதியது:

ஓம் தம்பி. சகடை என்பது ஒரு வகையின் பெயரல்ல என்று கருதுகிறேன். மெதுவாக வந்து, வட்டமிட்டு, குண்டை உருட்டிவிட்டுப் போகும் சரக்கு விமானம் எதுவாக இருந்தாலும், அதன் ஓசை விம்மினால், அதற்கு அந்தப் பெயர். அவ்ரோ, வை-12, வை-8 ஆகிய மூன்றும் குண்டு போடுவதற்கென்று வடிவமைக்கப்பட்டவை அல்ல; மூன்றும் ஆட்களையும் பொருள்களையும் ஏற்றப் பிறந்த விமானங்கள். அந்த வேலைக்கு அவை பயன்படுத்தப்பட்டதால், பொறியியல் நூல்கள் வெவ்வேறு அதிகாரங்களில் வைத்துப் பேசும் மூன்று விமானங்கள் எங்கள் சொல்லகராதியில் ஒன்றாகிவிட்டன.

எடையில் அவற்றுக்குள் எவ்வளவு தூரம் என்று பாருங்கள். வை-12 முழுப் பாரத்தோடு கிளம்பும்போது 5 தொன்னைச் சற்றுத் தாண்டும். அவ்ரோ ஏறத்தாழ 21 தொன். வை-8 ஏறத்தாழ 61 தொன். ஒன்று சிற்றூர்தி, மற்றது கனரக லொறி. கீழே பங்கருக்குள் இருந்தவருக்கு அந்த வேறுபாட்டால் என்ன பயன்?

குப்பிளான் வாசி எழுதியது:

விஞ்ஞானத்தை மறுக்க நான் வரவில்லை. ஆனால் பெயர் ஒன்று எங்கோ ஓரிடத்தில், ஏதோ ஒரு விமானத்தைப் பார்த்துத்தானே முதலில் பிறந்திருக்கும்? பிறகு மற்றவற்றுக்குப் பரவியிருக்கலாம். இலங்கை விமானப்படைக்கு வை-8 வந்தது 1987 இல். இலங்கை இராணுவத்தின் வடமராட்சி நடவடிக்கை தொடங்கிய 1987 மே மாதத்துக்கு முன்பே எங்கள் பக்கத்தில் சகடை என்ற சொல் வழங்கியது எனக்கு நல்ல நினைவு. ஆகவே பிறப்பிடம் வை-8 ஆக இருக்க இயலாது. தம்பியின் சித்தப்பாவிடம் இதைச் சொல்லுங்கள்.

கடற்கரைப் பனை எழுதியது:

வடமராட்சியில் இருந்து எழுதுகிறேன். நடவடிக்கைக் காலத்தில் எங்களுக்குச் சகடையும் சியாமா செட்டியும் ஹெலியும் சேர்ந்தே வந்தன; எது எது என்று பிரித்துக் கேட்கும் நிலையில் நாங்கள் இருக்கவில்லை. ஆனால் 1987 யூன் 4 ஆம் திகதி பிற்பகல் குடாநாட்டின் மேல் வந்த இந்திய விமானங்களின் ஓசையை நான் மறக்கவில்லை. ஐந்து அன்ரனோவ் 32 விமானங்கள், நான்கு மிராஜ் 2000 போர் விமானங்களின் காவலோடு வந்து, ஏறத்தாழ 25 தொன் நிவாரணப் பொருள்களைப் பரசூட் குடை கட்டிப் போட்டுச் சென்றன. ஓசை கேட்டவுடன் பாட்டி 'சகடை வருகுது, உள்ளே வாருங்கோ' என்று கத்தினார். வெகுநேரம் கழித்துத்தான் போட்டது அரிசியும் பருப்பும் என்று தெரியவந்தது. பாட்டியின் காது பிழைத்துவிட்டது என்று வீட்டில் எல்லோரும் பல வருடங்களாகச் சொல்லி வந்தோம்.

சுழலி எழுதியது:

அக்கா, பாட்டியின் காது பிழைக்கவேயில்லை! அன்ரனோவ் 32 இன் இறக்கைக்கு மேலே உயர்த்திப் பொருத்தப்பட்டிருக்கும் இரண்டு இயந்திரங்களும் ஏ.ஐ.-20 வகை, வை-8 இன் இயந்திரத்துக்கு மூலமாக இருந்த அதே இயந்திரம். பாட்டி அதுவரை கேட்டது அவ்ரோவாகவோ வை-12 ஆகவோ இருந்திருந்தாலும்கூட, இரட்டைக் காற்றாடியின் விம்மல் என்ற அடையாளம் பொருந்திவிட்டது. விமானம் யாருடையது, எதைப் போட வருகிறது என்பதை மட்டும் ஓசை சொல்லாது.

இந்தக் குறிப்பைத் தம்பி பட்டியலில் கட்டாயம் சேர்க்க வேண்டும். என்னைக் கேட்டால் இந்த உரையாடலில் வந்த சான்றுகளுள் இதுவே மிகப் பெறுமதியானது.

பனங்கூடல் எழுதியது:

சேர்த்துவிட்டேன். அடுத்ததாக உலங்குவானூர்திகள். எங்கள் வீட்டில் எல்லாம் 'ஹெலி' தான். தொண்ணூறுகளின் பின்பகுதியில் மட்டும் 'எம்.ஐ 24' என்று இலக்கத்தோடு சொல்லத் தொடங்கினார்கள். 1995 இல்தான் அந்த வகை முதன்முதலில் எங்கள் வானுக்கு வந்தது என்று எழுதியிருக்கிறேன்.

கடற்கரைப் பனை எழுதியது:

அதைத் திருத்துங்கள், தம்பி. 1995 என்பது இலங்கை விமானப்படை அதைப் பெற்ற ஆண்டு. 1987 ஒக்ரோபரில் இந்திய அமைதிப்படையோடு போர் தொடங்கியபோதே, எம்.ஐ 24 இன் ஏற்றுமதி வடிவமான எம்.ஐ 25 இங்கே பறந்தது. அந்த மாதம் 11 ஆம் திகதி இரவு யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில் படையினரை இறக்கிய உலங்குவானூர்திகள் எம்.ஐ 8.

சுழலி எழுதியது:

அக்கா சொல்வது சரி. எம்.ஐ 8 ஐயும் பிற்பாடு வந்த எம்.ஐ 17 ஐயும் படத்தில் பார்த்து வேறுபடுத்த ஓர் எளிய வழி உண்டு. எம்.ஐ 8 இன் வால் சுழலி வலப்பக்கத்தில் இருக்கும், எம்.ஐ 17 இல் அது இடப்பக்கம் மாறிவிட்டது. பழைய நிழற்படங்களுக்குத் தலைப்பு எழுதுபவர்கள் இதைக் கவனித்தாலே பாதிப் பிழைகள் குறைந்துவிடும்.

ஆனால் ஓசையால் அறிவதற்கு வால் உதவாது, தலைக்கு மேலுள்ள சுழலியின் இதழ்களை எண்ண வேண்டும். பெல் 212 க்கு இரண்டே இதழ்கள். அவை நிமிடத்துக்கு 324 தடவை சுழலும். அதாவது செக்கனுக்கு 10.8 தடவை காற்றை அடிக்கும். மனிதக் காது ஏறத்தாழ 20 க்குக் கீழான அதிர்வை ஒரு சுரமாகக் கேட்பதில்லை, ஆகவே அது 'டப் டப் டப்' என்று தனித்தனி அடிகளாகவே விழும். எம்.ஐ 17 இன் சுழலி மிகப் பெரியது, 21 மீற்றருக்கு மேல் விட்டம். அது மெதுவாக, நிமிடத்துக்கு 192 தடவைதான் சுழலும், ஆனால் ஐந்து இதழ்கள் இருப்பதால் செக்கனுக்கு 16 அடி. எம்.ஐ 24 க்கும் ஐந்து இதழ்கள், ஆனால் விட்டம் குறைவு, வேகம் நிமிடத்துக்கு 240. செக்கனுக்குச் சரியாக 20. இங்கேதான் அடிகள் ஒன்றோடொன்று ஒட்டி ஓர் உறுமலாக மாறத் தொடங்கும். நான்கு இதழ் கொண்ட பெல் 412 இல் இது 21.6.

பெல் 212 மட்டும் ஏன் கிலோமீற்றர் கணக்கான தூரத்திலிருந்தே கேட்டது என்றால், அதன் இதழ் நுனி செக்கனுக்கு ஏறத்தாழ 248 மீற்றர் வேகத்தில் வெட்டுகிறது. முன்னோக்கிப் பறக்கையில் அந்த வேகத்தோடு விமானத்தின் வேகமும் கூடி, ஒலியின் வேகத்தை நெருங்குகிறது. இறங்கும்போதும் திரும்பும்போதும் முன் சென்ற இதழ் விட்டுச்சென்ற காற்றுச் சுழியைப் பின்வரும் இதழ் அடிக்கிறது. சாட்டை சொடுக்கும் ஓசை அதிலிருந்து பிறப்பது.

மாலைமணி எழுதியது:

தம்பி, எனக்கு நெடுநாளாக ஒரு கேள்வி இருக்கிறது. சியாமா செட்டி வந்த காலத்தில் ஓசை கேட்டபின் பிள்ளைகளை எழுப்பி, கையைப் பிடித்து, படியால் இறக்கி, நானும் இறங்க நேரம் இருந்தது. கிபிர் வந்தபின் அந்த நேரம் இல்லாமல் போய்விட்டது. ஒலியைவிட வேகமாக வருகிறது, அதனால்தான் கேட்பதில்லை என்று அக்காலத்தில் சொன்னார்கள். அதற்கு முன்வந்த எவ்-7 க்கும் 'சுப்பர்சொனிக்' என்றே பெயர். அது உண்மைதானா?

சுழலி எழுதியது:

அந்த விமானங்கள் ஒலியை முந்தக்கூடியவைதான், ரீச்சர். சீனத் தயாரிப்பான எவ்-7 இலங்கைக்கு வந்தது 1991 இல், கிபிர் 1996 இல். இரண்டும் வெறுமையாக, உயரத்தில், ஒலியின் இரு மடங்கை எட்டவல்லவை. ஆனால் குண்டுகளைத் தொங்கவிட்டுக்கொண்டு தாக்க வரும்போது அவை ஒலிக்குக் கீழான வேகத்திலேயே வரும். ஆகவே ஓசை முன்னதாகவே வந்துசேர்கிறது. எவ்வளவு முன்னதாக என்பதே கேள்வி.

விமானம் 5 கிலோமீற்றர் தூரத்தில் இருக்கும்போது எழுப்பும் ஓசை, எங்கள் வெயிலில் செக்கனுக்கு ஏறத்தாழ 349 மீற்றர் வேகத்தில் ஓடி 14 செக்கனுக்குச் சற்று மேலான நேரத்தில் உங்கள் காதை அடைகிறது. செக்கனுக்கு 90 மீற்றர் வேகத்தில் வரும் ஒரு சியாமா செட்டிக்கு அதே தூரத்தைக் கடக்க 55 செக்கனுக்கு மேல் வேண்டும். மிச்சம் 41 செக்கன். அதுவே பிள்ளைகளை எழுப்பிக் கையைப் பிடித்து இறக்க உங்களுக்கு இருந்த நேரம். செக்கனுக்கு 250 மீற்றர் வேகத்தில் வரும் கிபிருக்கு 20 செக்கன் போதும். மிச்சம் ஆறு செக்கன்கூட இல்லை. அதிலும் ஜெற் இயந்திரத்தின் பேரிரைச்சல் பின்பக்கமாகவே கூடுதலாகப் பரவும் என்பதால், நேராக உங்களை நோக்கி வரும் விமானம் அந்த ஆறு செக்கனிலும் முழுமையாகக் கேட்டிருக்காது. தலைக்கு மேலால் கடந்தபின்தான் வானம் இடிந்து விழுவது போலக் கேட்டிருக்கும். 'சத்தத்துக்கு முன் குண்டு' என்று சனங்கள் சொன்னதில் பிழையில்லை.

மாலைமணி எழுதியது:

ஆறு செக்கன். நன்றி தம்பி. நான் தாமதமாக நடந்தேனோ என்று பல வருடங்களாக எனக்குள் ஓர் எண்ணம் இருந்தது.

குப்பிளான் வாசி எழுதியது:

ரீச்சர், அந்த எண்ணத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். ஆறு செக்கனில் இந்தக் கிழவனால் திண்ணையிலிருந்து எழும்பவும் இயலாது, அன்றைக்கு வாலிபனாக இருந்தபோதும் முற்றத்தைத் தாண்டியிருக்க இயலாது.

பனங்கூடல் எழுதியது:

சகடை என்ற பதிவைத் திருத்தி எழுதியிருக்கிறேன். ஒரு வகையின் பெயராக அல்லாமல், குண்டுவீச்சுக்குப் பயன்படுத்தப்பட்ட, பல காற்றாடிகள் கொண்ட சரக்கு விமானங்களின் பொதுப் பெயராகக் கொடுத்து, அவ்ரோ, வை-12, வை-8 ஆகிய மூன்றையும் கீழே எழுதியிருக்கிறேன். பெயரின் பிறப்புக்குச் சில்லு, ஓசை என்ற இரண்டு விளக்கங்களையும், சொன்னவர்களின் இடத்தோடு சேர்த்திருக்கிறேன். பலாலியை அண்டி இருந்தவர்கள் கண்ணால் பார்த்தவர்கள், நகரத்தில் இருந்தவர்கள் காதால் கேட்டவர்கள் என்ற வேறுபாடு இந்த உரையாடலில்தான் எனக்குத் தெளிந்தது.

இனி எழுதுபவர்கள் இடம், ஆண்டு, பார்த்தீர்களா கேட்டீர்களா, இயந்திரங்கள் எத்தனை, சில்லு தெரிந்ததா என்ற விபரங்களைக் கொடுத்தால் பேருதவியாக இருக்கும். எந்த ஊரில் எந்த ஆண்டில் எந்த வகை சகடையாக இருந்தது என்பதை அப்போது வரைபடத்திலேயே குறிக்கலாம்.

மாலைமணி எழுதியது:

நீங்கள் கேட்டபடி எழுதுகிறேன், தம்பி. இடம் வண்ணார்பண்ணை. ஆண்டு 1990, ஓகஸ்ற் மாதம், காலை நேரம். பெரும்பாலும் கேட்டவள்தான் நான். ஆனால் ஒரேயொரு நாள், கடைசிப் பிள்ளையை இறக்கியபின், பங்கர் வாசலில் நின்று அண்ணாந்து பார்த்திருக்கிறேன். தென்னோலைக்கு மேலாக மிகத் தாழ்வாகப் போனது. இறக்கை உடலுக்கு மேலே இருந்தது. இயந்திரங்கள் இரண்டு. விம்மல் நன்றாகக் கேட்டது.

சில்லுகள் கீழே தொங்கிக்கொண்டிருந்தன. இவ்வளவு காலமும் அது பக்கத்தில் எங்கோ இறங்கப் போகிறது என்றுதான் நினைத்திருந்தேன். குப்பிளான் ஐயாவின் கணக்கில் என்னையும் ஒரு சாட்சியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.